வாத்தியம் கற்ற வாத்தியார்

புக்ககம் வந்து நாலு நாள்கூட ஆகாத புதுப் பெண்ணிடம் மாமியார் கேட்கிறாள்: "ஏம்மா, நாளைக்குப் பத்துப் பேர் சாப்பிட வருகிறார்கள். உனக்குச் சமைக்கத் தெரியுமோ, இல்லையோ?"

"ஓ, தெரியுமே!" என்று சொல்லிவிடுகிறாள் பெண். வாய் சொல்லிவிட்டது. வயிற்றிலோ புளியைக் கரைக்கிறது. பிறந்த வீட்டில் அவள் காப்பி போட்டதோடு சரி. அன்று இரவு எல்லாரும் தூங்கிய பிறகு, அம்மா எழுதிக் கொடுத்த நோட்டுப் புத்தகத்தை விளக்கடியில் பிரித்து வைத்துக்கொண்டு, "ரசத்துக்கு முதலில் புளியா, பருப்பா?" என்று படிக்கிறாள்.

நம் வீடுகளில் நடக்கிற கதைதான் இது. இதே கதை 1871-ம் ஆண்டில், அப்போது ருஷ்யாவின் தலைநகராக இருந்த செயிண்ட் பீட்டர்ஸ்பர்க்கில் நடந்தது. மாமியார் ஸ்தானத்தில் இருந்தது அந்நகரின் பெரிய சங்கீதக் கலாசாலை. புதுப் பெண்ணின் ஸ்தானத்தில் இருந்தவர், கடற்படை உடுப்பு அணிந்த இருபத்தேழு வயது அதிகாரி. பெயர் நிகோலாய் ரிம்ஸ்கி கோர்சகோவ்.

"எங்கள் மாணவர்களுக்குச் சங்கீதம் இயற்றவும், அதை வாத்தியக் கோஷ்டிக்குப் பங்கிட்டு எழுதவும் நீங்கள் கற்றுக்கொடுக்க வேண்டும்" என்று கலாசாலையின் தலைவர் அழைத்தார். வாத்தியக் கோஷ்டி வகுப்பை நடத்தும் பொறுப்பும் கூடவே வந்தது. அவர் ஒப்புக்கொண்டுவிட்டார். கற்றுக்கொடுக்க வேண்டியவற்றில் பாதிக்கு மேல் அவருக்கே தெரியாது!

கப்பலில் எழுதிய ஸிம்பனி

தெரியாத மனிதரையா அழைத்தார்கள் என்று கேட்பீர்கள். அவர் ஒன்றும் தெரியாதவர் அல்லர். தெரிந்ததெல்லாம் காதால் தெரிந்தது, அவ்வளவுதான்.

1844-ல் டிக்வின் என்ற சிற்றூரில் பிறந்தவர் ரிம்ஸ்கி கோர்சகோவ். அவரைவிட இருபத்திரண்டு வயது மூத்த அண்ணன் கடற்படையில் இருந்தார். தம்பியும் பன்னிரண்டாம் வயதில் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்த கடற்படைப் பள்ளியில் சேர்ந்தான். பாய்மரமும் கணிதமும் படிப்பு. பியானோ பொழுதுபோக்கு.

1861-ல் பாலகிரெவ் என்ற இளம் சங்கீதக்காரரின் பழக்கம் அவருக்கு ஏற்பட்டது. ருஷ்ய மண்ணின் மணம் வீசும் சங்கீதம் வேண்டும் என்று ஆவேசத்தோடு பேசியவர் அவர். அவரைச் சுற்றி நாலு பேர் சேர்ந்தார்கள். முஸார்க்ஸ்கி பட்டாளத்தில் இருந்தவர். போரோடின் ரசாயன சாஸ்திரி. குயி என்பவர் கோட்டை கட்டும் பொறியியல் நிபுணர். நாலாவது நம் கடற்படைப் பையன். கலாசாலைப் படிப்பு எங்கே, இவர்கள் எங்கே! "படிப்பு படைப்பைக் கெடுக்கும், நேராக ஸிம்பனி எழுதத் தொடங்கு!" என்பது பாலகிரெவின் கட்சி.

பையனும் தொடங்கிவிட்டான். 1862-ல் 'அல்மாஸ்' என்ற கப்பலில் அவனை நீண்ட பிரயாணம் அனுப்பினார்கள். இங்கிலாந்து, அமெரிக்கா, பிரேஸில் என்று மூன்று ஆண்டுக்குக் கொஞ்சம் குறையச் சுற்றிய பிரயாணம் அது. கப்பலில் பியானோ கிடையாது. கரையில் இறங்கும்போது ஏதாவது சிற்றுண்டிச்சாலையில் பியானோ அகப்பட்டால் எழுதியதை வாசித்துப் பார்க்கலாம். அப்படி இங்கிலாந்துக் கரையில் இருந்தபோது ஸிம்பனியின் ஒரு பகுதியை எழுதி, தபாலில் பாலகிரெவுக்கு அனுப்பிவைத்தான்.

1865 டிசம்பரில் அந்த ஸிம்பனி அரங்கேறியது. கைதட்டலுக்கு வணக்கம் சொல்ல மேடையேறியவர் கடற்படை உடுப்பில் நின்றதைப் பார்த்துச் சபையோர் வியந்துபோனார்கள். கலாசாலையார் ஆறு வருஷம் கழித்து அவரை அழைத்ததற்குக் காரணம், இப்படி எழுதி அவர் வாங்கியிருந்த நல்ல பெயர்.

"எனக்குத் தெரியும்!"

பிற்காலத்தில் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதியபோது அவர் எதையும் மறைக்கவில்லை. ஒரு சாதாரண பஜனைப் பாட்டைப் போன்ற கீதத்துக்குக்கூட முறைப்படி ஹார்மனி அமைக்க அப்போது தமக்குத் தெரியாது. கவுண்டர்பாயிண்டில் ஒரு பயிற்சிகூடச் செய்ததில்லை. சில ஸ்வர இடைவெளிகளின் பெயர்கள்கூடத் தெரியாது. வாத்தியக் கோஷ்டியை ஒரு நாளும் நடத்தியதில்லை என்று பட்டியல் போட்டிருக்கிறார்.

இந்த வார்த்தைகளைக் கண்டு மிரள வேண்டாம். நம் கச்சேரியில் பாட்டு ஒன்று. வாய்ப்பாட்டுக்காரர் போகும் வழியிலேயே வயலினும் நிழல்போலப் போகிறது. மேல்நாட்டுச் சங்கீதத்தில் ஒரே நேரத்தில் பல ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிக்கும். எந்த ஸ்வரத்தோடு எது சேர்ந்தால் இனிக்கும் என்று சொல்வது ஹார்மனி. இரண்டு மூன்று தனித்தனி மெட்டுகளை ஒன்றோடொன்று மோதாமல் ஒரே சமயத்தில் ஓடவிடும் வித்தை கவுண்டர்பாயிண்ட். இத்தனையும் எழுதிய பிறகு, எந்த வரியை எந்த வாத்தியம் வாசிப்பது என்று பங்கிட்டுக் கொடுப்பதுதான் ஆர்க்கெஸ்ட்ரா எழுதும் கலை.

முதல் வருஷம் எப்படிச் சமாளித்தார்? மாணவர்களின் எழுத்தைப் பார்த்துப் பொதுவாக இரண்டு வார்த்தை சொல்வார். காது நல்ல காது. ரசனை நல்ல ரசனை. அவற்றைக் கொண்டு ஓட்டினார். தங்கள் ஆசிரியருக்கு ஒன்றும் தெரியாது என்று மாணவர்கள் கனவிலும் நினைக்கவில்லை. அவர்களுக்கு அதைக் கண்டுபிடிக்கும் அளவு ஞானம் வந்தபோது, ஆசிரியருக்கும் கொஞ்சம் ஞானம் வந்துவிட்டது! இதையும் அவரே எழுதிவைத்திருக்கிறார்.

ஒரே அறை, ஒரே பியானோ

அந்த வருஷம் அவரும் முஸார்க்ஸ்கியும் ஒரே அறையில் குடியிருந்தார்கள். இரண்டு பேரும் ஆளுக்கொரு நாடக சங்கீதம் எழுதிக்கொண்டிருந்தார்கள். இருந்ததோ ஒரு பியானோ, ஒரு மேஜை. சண்டை வந்திருக்குமே என்று நினைக்கிறீர்களா? வரவில்லை. காலையிலிருந்து பகல் வரைக்கும் பியானோ முஸார்க்ஸ்கிக்கு; அப்போது மற்றவர் மேஜையில் உட்கார்ந்து, முன்பே யோசித்து முடித்ததை வாத்தியங்களுக்குப் பங்கிட்டு எழுதுவார். பகலுக்குப் பின் முஸார்க்ஸ்கி உத்தியோகத்துக்குப் போவார், பியானோ இவருக்கு. மாலை வேளையைப் பேசிவைத்துப் பகிர்ந்துகொள்வார்கள். குழாயடியில் தண்ணீருக்கு முறை வைத்துக்கொள்ளும் குடித்தனக்காரர்கள் இவர்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம்.

1872 கோடையில் இந்தக் கூட்டுக் குடித்தனம் முடிந்தது. ரிம்ஸ்கி கோர்சகோவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைத் தோழன் முஸார்க்ஸ்கி. மணப்பெண் நதேஷ்டா பர்கோல்ட். வயது இருபத்து மூன்று.

இந்தப் பெண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். கணவர் ஆசிரியராக இருந்த அதே கலாசாலையில் பியானோவும் சங்கீத சாஸ்திரமும் முறைப்படி பயின்றவர் நதேஷ்டா. பாலகிரெவ் கோஷ்டியார் புதிதாக ஏதாவது எழுதினால், நதேஷ்டாவின் சகோதரி பாட, இவர் பியானோ வாசிப்பார். பெரிய நாடக சங்கீதங்கள் மேடை காணுமுன் இவர்கள் வீட்டுக் கூடத்திலேதான் உயிர் பெற்றன. சொந்தமாகப் பாட்டுகளும் எழுதியவர். சுருக்கமாகச் சொன்னால், முறையான படிப்பில் மனைவி ஒரு படி மேல். கணவருக்குத் தெரியாத பல விஷயங்கள் அவருக்குத் தெரியும்.

கலாசாலையில் ஆசிரியர் நாற்காலி கணவருக்கு. வீட்டில் பியானோ நாற்காலி மனைவிக்கு. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருவோம்.

அக்கம்பக்கத்தார் பட்ட பாடு

1873-ல் ஒரு புதிய உத்தியோகம் வந்தது. கடற்படையின் பாண்டு வாத்தியக் கோஷ்டிகளுக்கெல்லாம் மேற்பார்வையாளர்! துறைமுகம் துறைமுகமாகப் போய், எந்தக் கோஷ்டி எப்படி வாசிக்கிறது, வாத்தியங்கள் நல்ல நிலையில் இருக்கின்றனவா என்று பார்க்கவேண்டும். கடற்படை உடுப்பைக் கழற்றிவிட்டு இந்த வேலையை ஏற்றுக்கொண்டார். பதினோரு வருஷம் பார்த்தார்.

வேலை வந்ததும் அவர் செய்த காரியம்தான் வேடிக்கை. ஒரு டிராம்போன், ஒரு கிளாரினெட், ஒரு புல்லாங்குழல் என்று வாங்கி வந்தார். எந்தத் துளையை எந்த விரலால் மூடவேண்டும் என்று காட்டும் அட்டவணைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கோடைக்காக எடுத்திருந்த வீட்டில் உட்கார்ந்து, அக்கம்பக்கத்தார் எல்லாருக்கும் கேட்கும்படி ஊதித் தள்ளினார். நன்றாக வந்ததா என்றால், இல்லை. பித்தளை வாத்தியங்களில் மேல் ஸ்தாயி எட்டவேயில்லை. குழல்களில் சாதகம் செய்யப் பொறுமை இல்லை என்று அவரே ஒப்புக்கொள்கிறார். வித்துவானாவது அவர் நோக்கம் அன்று. வாத்தியத்தின் குணம் தெரியவேண்டும், அவ்வளவுதான்.

இதில் என்ன லாபம் என்று கேட்கலாம். ஒரு உதாரணம் பாருங்கள். பியானோவில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு கட்டைகள். விரலை ஒரு அங்குலம் நகர்த்தினால் போதும். டிராம்போனில் துளையும் இல்லை, கட்டையும் இல்லை. குழலை நீட்டியும் குறுக்கியும் ஸ்வரம் பிடிக்கவேண்டும். கீழ் ஸ்தாயியில் அதே இரண்டு ஸ்வரங்களுக்குள் சில இடங்களில் கை முழு நீளமும் போய்த் திரும்பவேண்டும். பியானோவில் மட்டும் பழகியவர் அந்த இரண்டு ஸ்வரத்தையும் மாற்றி மாற்றி வேகமாக எழுதிவைத்தால், ஊதுகிறவர் பாடு திண்டாட்டந்தான்.

இப்படி ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஒரு சுபாவம் உண்டு. வயலினுக்கு நாலு தந்திதான். கடைசித் தந்தியின் ஸ்வரத்துக்குக் கீழே ஒரு ஸ்வரம் எழுதினால் அது காகிதத்தில் மட்டுமே இருக்கும். ஓபோ என்ற வாத்தியத்துக்கு நம் நாதஸ்வரத்தைப் போல இரட்டைச் சீவாளி. அதன் வழியாகக் காற்று மிகக் குறைவாகவே போகும். ஆகவே வாசிப்பவருக்கு மூச்சுப் போதாமல் போவதைவிட, உள்ளே அடைபட்ட பழைய மூச்சை வெளியே விட நேரமில்லாமல் திணறுவதே அதிகம். எழுதுகிறவர்தான் இடையிடையே ஓய்வு கொடுக்கவேண்டும். கிளாரினெட்டுக்கு ஒற்றைச் சீவாளி. ஆனால் அதில் ஒரு கண்கட்டு வித்தை. ஏட்டில் எழுதியது ஒரு ஸ்வரம், காதில் விழுவது வேறு ஸ்வரம்! அந்தக் கணக்குத் தெரியாமல் எழுதினால் கோஷ்டி முழுவதும் ஒரு சுருதி, கிளாரினெட் மட்டும் ஒரு சுருதி.

இவற்றையெல்லாம் புத்தகத்திலும் படிக்கலாம். ஆனால் ஒருமுறை தானே ஊதி மூச்சு வாங்கியவர் பிறகு ஊதுகிறவரின் மூச்சை மறக்கமாட்டார். அடுப்படியில் நின்றவளுக்குத்தான் அடுப்பின் சூடு தெரியும். கிரான்ஸ்டாட் துறைமுகத்துக் கடற்படைக் கோஷ்டிகளுக்காக டிராம்போன், ஓபோ, கிளாரினெட் ஒவ்வொன்றையும் முன்னே நிறுத்திப் பாண்டு வாத்தியம் துணை வாசிக்கும் உருப்படிகளை அவர் 1877, 1878-ம் ஆண்டுகளில் எழுதினார். கற்ற பாடத்துக்கு அவரே வைத்துக்கொண்ட பரீட்சை அது.

அறுபது பயிற்சிகள்

பகலில் பாடம் சொல்லிக் கொடுத்தார். இரவில் பாடம் படித்தார். மாஸ்கோ கலாசாலையில் ஆசிரியராக இருந்த சைகாவ்ஸ்கி ஹார்மனி பற்றி ஒரு பாடப் புத்தகம் எழுதியிருந்தார். அதை வைத்துக்கொண்டு முதல் பாடத்திலிருந்து ஆரம்பித்தார். பிறகு கவுண்டர்பாயிண்ட். பிறகு ஃபியூக்.

ஃபியூக் என்பது சங்கீதத்தில் ஓடிப் பிடிக்கும் விளையாட்டு. ஒரு குரல் மெட்டைத் தொடங்கி ஓடும். சற்று நேரத்தில் இரண்டாவது குரல் அதே மெட்டோடு துரத்தும். அப்புறம் மூன்றாவது, நாலாவது. ஒன்றும் மற்றொன்றின் காலை மிதிக்கக் கூடாது. 1875 கோடையில் ரிம்ஸ்கி கோர்சகோவ் இப்படிச் சுமார் அறுபது ஃபியூக் எழுதினார். அவற்றில் பத்தை எடுத்து, "பார்த்துத் திருத்திக் கொடுங்கள்" என்று சைகாவ்ஸ்கிக்கு அனுப்பினார்.

யோசித்துப் பாருங்கள். பெயர் பெற்ற மனிதர். மூன்று ஸிம்பனியும் ஒரு நாடக சங்கீதமும் எழுதி மேடையேற்றியவர். தலைநகரின் கலாசாலையில் ஆசிரியர். அவர் பள்ளிக்கூடப் பையனைப்போலக் கணக்கு நோட்டை நீட்டுகிறார். சைகாவ்ஸ்கி நெகிழ்ந்துபோய்ப் பதில் எழுதினார். இத்தனை அடக்கமும் மன உறுதியும் உள்ள ஒருவரின் முன் தாம் தலைவணங்குவதாக அவருக்குத் தோன்றியது.

பழைய நண்பர்களுக்கோ பிடிக்கவில்லை. 'படிப்பு படைப்பைக் கெடுக்கும்' என்று பேசியவர்கள் அல்லவா? நம்மில் ஒருவன் எதிரிக் கட்சிக்குப் போய்விட்டான் என்று முஸார்க்ஸ்கி வருந்தினார். ரிம்ஸ்கி கோர்சகோவ் அந்தச் சில வருஷங்களில் எழுதியவை வறட்டுத்தனமாகத்தான் இருந்தன. அதை அவரும் அறிந்திருந்தார். ஆனால் பாதியில் எழுந்து போகவில்லை.

எத்தனைக்கு எத்தனை?

படித்து முடித்ததன் பலன் என்ன? அவர் கண்டுபிடித்த ஒரு கணக்கைச் சொல்லுகிறேன். சமையலறை அளவுகளைப்போல எளிமையானது.

கோஷ்டி உரக்க வாசிக்கும்போது ஒரு டிரம்பெட்டின் பலம் ஒரு டிராம்போனின் பலத்துக்குச் சமம். வளைந்த கொம்பாகிய ஹார்ன் அதில் பாதி. ஆகவே ஒரு டிரம்பெட்டுக்கு ஈடு இரண்டு ஹார்ன். ஒரு ஹார்னுக்கு ஈடு இரண்டு புல்லாங்குழலோ, இரண்டு கிளாரினெட்டோ, இரண்டு ஓபோவோ. கூட்டிப் பார்த்தால், ஒரு டிரம்பெட்டை எதிர்த்து நிற்க நாலு கிளாரினெட் வேண்டும். மெல்ல வாசிக்கும்போது மட்டும் ஊதுகிற வாத்தியங்களெல்லாம் ஏறக்குறைய ஒரே பலம்.

தந்தி வாத்தியங்களுக்கும் கணக்கு உண்டு. பெரிய கோஷ்டி என்றால் முதல் வயலின் 16 பேர், இரண்டாம் வயலின் 14, வியோலா 12, செல்லோ 10, டபிள் பாஸ் எட்டிலிருந்து பத்துவரை. உயரம் ஏற ஏறக் கூட்டம் அதிகம். ஏனென்றால் மேலே இருக்கும் மெட்டுத்தான் சபையோருக்கு முதலில் கேட்கவேண்டும்.

சாம்பாரில் ஒரு பிடி பருப்பும் ஒரு பிடி பெருங்காயமும் போட்டால் என்ன ஆகும்? அப்படித்தான் ஆர்க்கெஸ்ட்ராவும். புல்லாங்குழலின் கீழ் ஸ்தாயி தூரத்தில் யாரோ ரகசியம் பேசுவதுபோல இருக்கும். அப்போது மூன்று டிராம்போனை ஊதச் சொன்னால் ரகசியம் மூழ்கிப்போகும். அதே ரகசியத்துக்கு வயலின்களை மட்டும் மெல்லத் தொடவிட்டால் உடம்பு சிலிர்க்கும்.

புடவையா, மேனியா?

1887-ல் அவர் எழுதிய 'ஸ்பானியக் கப்ரிச்சியோ' என்ற உருப்படியை வாத்தியக் கோஷ்டி முதன்முதலாக ஒத்திகை பார்த்தது. முதல் பகுதி முடிந்ததும் வாசித்தவர்களே வாத்தியங்களைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டத் தொடங்கிவிட்டார்கள். ஒவ்வொரு பகுதி முடிந்தும் இதே கதை. சம்பளத்துக்கு வாசிக்கிறவர்கள் ஒத்திகையில் கைதட்டுவது லேசான விஷயமா? தங்கள் ஒவ்வொருவர் கையையும் மூச்சையும் தெரிந்து எழுதிய மனிதர் இவர் என்று அவர்களுக்குப் புரிந்துவிட்டது. அவரும் அந்த உருப்படியை அந்தக் கோஷ்டிக்கே காணிக்கையாக்கி, 67 பேரின் பெயரையும் அச்சிடச் செய்தார்.

"எவ்வளவு அழகாக வாத்தியங்களைப் பூட்டியிருக்கிறார்!" என்று எல்லாரும் புகழ்ந்தார்கள். இந்தப் புகழ்ச்சி அவருக்குப் பிடிக்கவில்லை. மெட்டை முதலில் எழுதிவிட்டு, அப்புறம் அதற்குப் பட்டுப் புடவை உடுத்துவதுபோல வாத்தியங்களைச் சேர்க்கவில்லை. இந்த மெட்டு பிறந்ததே இந்த வாத்தியத்தின் குரலில்தான். வாத்தியத்தை மாற்றினால் மெட்டும் போய்விடும் என்பது அவர் வாதம். அவருக்கு வாத்தியத்தின் குரல் புடவை அன்று, மேனி.

அடுத்த வருஷம், 1888-ல், 'ஷெஹரஸாத்' வந்தது. ஆயிரத்தொரு இரவுக் கதைகளை நீங்கள் எல்லாரும் அறிவீர்கள். மணந்த பெண்ணை மறுநாளே கொல்லும் சுல்தான். இரவுக்கு இரவு கதையைச் சுவாரஸ்யமான இடத்தில் நிறுத்தி, 'தொடரும்' போட்டே உயிர் பிழைத்த ராணி. உலகத்தின் முதல் தொடர்கதை ஆசிரியை அவள்தான் என்று இந்தப் பத்திரிகையில் எழுதாமல் வேறு எங்கே எழுதுவது?

எடுத்த எடுப்பில் டிராம்போன்களும் டியூபாவும் கீழ் ஸ்தாயித் தந்திகளும் சேர்ந்து உறுமுகின்றன: சுல்தான். குழல்கள் சில மெல்லிய ஸ்வரங்களை இழுக்கின்றன. பிறகு ஒரே ஒரு வயலின் தனியாக எழுகிறது. ஹார்ப் மட்டும் துணை: ராணி கதை தொடங்கிவிட்டாள். அத்தனை பெரிய கோஷ்டியில் அவளுக்கு ஒற்றைத் தந்திக் குரலைத்தான் கொடுத்தார். நாலு பகுதிகள் முடியும்போது கேளுங்கள். அதே சுல்தானின் மெட்டு உறுமல் அடங்கி, கீழே மெதுவாகப் படுத்துவிடுகிறது. வயலின் மட்டும் உச்ச ஸ்தாயியில் நிற்கிறது. ஒரு வார்த்தை பேசாமல் யார் ஜெயித்தார்கள் என்று சொல்லியாகிவிட்டது. டிராம்போனையும் வயலினையும் உள்ளும் புறமும் அறிந்தவர் மட்டுமே இப்படிச் சொல்லமுடியும்.

எப்படிக் கற்றுக்கொடுத்தார்?

தெரியாமையின் வேதனையை அனுபவித்தவர் நல்ல ஆசிரியராவதில் ஆச்சரியமில்லை. கிளாஸுனோவ், பிரகோஃபியெவ், இத்தாலியிலிருந்து வந்த ரெஸ்பீகி எல்லாரும் அவரிடம் பயின்றவர்கள். பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற ஸ்ட்ராவின்ஸ்கி அவரிடம் வீட்டிலேயே தனியாகப் பாடம் கேட்டார். அந்தப் பாடத்தின் முறையை ஸ்ட்ராவின்ஸ்கி சொல்லியிருக்கிறார்.

ஆசிரியர் தாம் புதிதாக எழுதி முடித்த நாடக சங்கீதத்தின் பியானோப் பிரதியில் சில பக்கங்களைக் கொடுப்பார். "இதை ஆர்க்கெஸ்ட்ராவுக்குப் பங்கிட்டு எழுதி வா." மாணவர் எழுதிக்கொண்டு வருவார். உடனே ஆசிரியர், அதே பக்கங்களுக்குத் தாம் எழுதிய பிரதியை எடுத்துப் பக்கத்தில் வைப்பார். இது தவறு, அது சரி என்று சொல்லமாட்டார். "நான் ஏன் வேறு மாதிரி எழுதியிருக்கிறேன்? நீயே சொல்" என்று கேட்பார். மாணவர் காரணம் சொல்லமுடியாமல் விழித்தால் மட்டும் தாமே விளக்குவார்.

தையல் கற்றுக்கொடுக்கும் பாட்டி, ரவிக்கையைப் பிரித்துக் காட்டி, "இந்த இடத்தில் நான் ஏன் மடித்துத் தைத்தேன், சொல் பார்ப்போம்" என்று கேட்பது போலத்தான்.

மாணவர்கள் அவரை எவ்வளவு நேசித்தார்கள் என்பது 1905-ல் தெரிந்தது. நாட்டில் கிளர்ச்சி; மாணவர்களும் வகுப்புக்குப் போகாமல் நின்றார்கள். அவர்கள் பக்கம் நியாயம் உண்டென்று பத்திரிகையில் பகிரங்கமாக எழுதியதற்காக, முப்பத்துநாலு வருஷம் உழைத்த ஆசிரியரைக் கலாசாலை நீக்கிவிட்டது. கிளாஸுனோவ் முதலிய ஆசிரியர்கள் தாங்களும் விலகினார்கள். அந்த வருஷக் கடைசியில் கிளாஸுனோவே கலாசாலையின் தலைவரானதும் முதியவர் திரும்பி வந்தார்.

ஒரு குறையும் உண்டு

எல்லாம் புகழாகவே எழுதினால் நியாயமாகாது. ஒரே அறையில் பியானோவைப் பகிர்ந்துகொண்ட முஸார்க்ஸ்கி 1881-ல், வறுமையிலும் குடியிலும் உடல் கெட்டு, நாற்பத்திரண்டு வயதில் இறந்துபோனார். அவர் விட்டுச்சென்ற ஏடுகளையெல்லாம் எடுத்துச் சரிபார்த்து, முடியாதவற்றை முடித்து, அச்சேற்றியவர் ரிம்ஸ்கி கோர்சகோவ். போரோடின் 1887-ல் இறந்தபோதும் அவருடைய முற்றுப்பெறாத நாடக சங்கீதத்தைக் கிளாஸுனோவோடு சேர்ந்து முடித்துக்கொடுத்தார். நண்பர்களுக்காகத் தம் வேலையைப் பல முறை ஒதுக்கி வைத்த மனிதர்.

ஆனால் முஸார்க்ஸ்கியின் 'போரிஸ் கோடுனோவ்' நாடகத்தைத் திருத்தியபோது, கரடுமுரடாக இருந்த ஹார்மனியையெல்லாம் படித்த கை வழவழப்பாக்கிவிட்டது. அந்தத் திருத்திய பிரதிதான் 1908-ல் பாரிஸில் அரங்கேறி உலகப் புகழ் பெற்றது. இன்றோ பல அரங்குகள் முஸார்க்ஸ்கியின் மூலத்தையே தேடி எடுத்து நடத்துகின்றன. அந்தக் கரடுமுரடிலேதான் உயிர் இருந்தது என்கிறார்கள். தம் திருத்தம் பிடிக்காதவர்கள் மூலத்துக்கே போகலாம், அது அழிந்துவிடவில்லை என்று அவரும் எழுதிவைத்திருக்கிறார். படிப்பு வேண்டும்; எங்கே அதை மூட்டை கட்டி வைப்பது என்ற படிப்பும் வேண்டும்!

நதேஷ்டா அம்மாள்

ஞாபகத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, அந்தப் பியானோ நாற்காலிக்கு வருவோம்.

நதேஷ்டா அம்மாளுக்கு ஏழு குழந்தைகள் பிறந்தன. கணவரின் ஒத்திகைகளுக்குப் போவார். எழுதியதில் குறை கண்டால் தயங்காமல் சொல்வார். கணவரும் நண்பர்களும் வாத்தியக் கோஷ்டிக்கு எழுதியவற்றை இரண்டு பேர் ஒரே பியானோவில் நாலு கையால் வாசிக்கும்படி மாற்றி எழுதிக்கொடுத்தார். கிராமபோன் தட்டு இல்லாத அந்தக் காலத்தில், ஆர்க்கெஸ்ட்ரா இல்லாத ஊர்களில் அந்தச் சங்கீதம் வீட்டுக்கு வீடு பரவியது இப்படிப்பட்ட பியானோப் பிரதிகளால்தான்.

அறுபது வாத்தியத்தைப் பத்து விரலுக்கோ இருபது விரலுக்கோ அடக்குவது ஆர்க்கெஸ்ட்ரா எழுதுவதைத் திருப்பிப் போட்ட கலை. எது அவசியம், எதை விடலாம் என்று தெரிந்தவரால்தான் அது முடியும். அந்தக் கலையில் கைதேர்ந்தவராக இருந்தார் அந்த அம்மாள். ஆனால் கல்யாணத்துக்கு முன் தொடங்கிய சொந்தப் படைப்பு மட்டும் நின்றுபோயிற்று. யாராவது நிறுத்தச் சொன்னார்களா, அல்லது ஏழு குழந்தைகளும் பெரிய மனிதரின் வீடும் நிறுத்திவிட்டனவா? நம் வாசகிகளுக்கு இந்தக் கேள்வியை விளக்கவேண்டியதில்லை.

1908-ல் ரிம்ஸ்கி கோர்சகோவ் காலமானார். அவருடைய வாழ்க்கை வரலாற்றை நதேஷ்டா அம்மாள் பதிப்பித்து 1909-ல் வெளியிட்டார். 'எனக்கு ஒன்றும் தெரியாது' என்று கணவர் எழுதிவைத்த பக்கங்களை அவர் மூடி மறைக்கவில்லை. ஆர்க்கெஸ்ட்ரா எழுதும் கலை பற்றி 1873-ல் தொடங்கி, விட்டு, மறுபடி தொடங்கி, கடைசிவரை முடிக்காமல் வைத்திருந்த நூலை மருமகன் ஸ்டைன்பர்க் சீர்செய்து 1913-ல் இரண்டு பாகமாக வெளிக்கொணர்ந்தார். இரண்டாம் பாகம் முழுவதும் ரிம்ஸ்கி கோர்சகோவின் சொந்தச் சங்கீதத்திலிருந்து எடுத்த உதாரணங்கள். உலகமெங்கும் இந்தக் கலையைப் படிக்கிறவர்கள் அதை இன்றும் புரட்டுகிறார்கள். நதேஷ்டா அம்மாள் 1919-ல் பெரியம்மை கண்டு மறைந்தார். பீட்டர்ஸ்பர்க்கில் அவர்கள் குடியிருந்த வீடு இப்போது பொருட்காட்சி சாலை.

அடுத்த முறை ஒரு சினிமாப் பாட்டில் வயலின்கள் கூட்டமாக எழும்போது, அதன் நடுவே ஒற்றைப் புல்லாங்குழல் தலைநீட்டும்போது, சற்று நின்று கேளுங்கள். யாரோ ஒருவர் அந்தக் குழல்காரரின் மூச்சை எண்ணிப் பார்த்து எழுதியிருக்கிறார்.

உங்கள் வீட்டுப் பெண்ணோ பிள்ளையோ, "எனக்கு இதெல்லாம் தெரியாதே, இந்த வயதில் முதலிலிருந்து படிக்க வெட்கமாக இருக்கிறதே" என்று தயங்கினால், அறுபது ஃபியூக் எழுதிய ஆசிரியரின் கதையைச் சொல்லுங்கள். ஊதட்டும், அபஸ்வரம் வரட்டும். அக்கம்பக்கத்தார் பொறுத்துக்கொள்வார்கள்.

பெண்ணாக இருந்தால், கல்யாணத்துக்குப் பிறகும் ஊதட்டும்.